ஹெல்மெட் போட்டால்தான் கதைப்பேன்

வாய் திறக்காத ஆளை ஊர் கெட்டிக்காரன் என்று நம்பும். அவன் வாயைத் திறக்கும் வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஒரு குறையும் வராது. நான் ஐம்பது வயது தாண்டும் வரை திறக்கவில்லை. (சாப்பிடத் திறந்தேன். அது கணக்கில் வராது.) பிறகு ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை, பனிக்கு மேலே, தலையில் ஒரு கமராவோடு திறந்தேன். கனடா வரைக்கும் கேட்டது.

எனக்கு எழுத வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மகள் அபிதான், "நீங்களே எழுதுங்கோ அப்பா, மற்ற ஆக்கள் எல்லாம் கூட்டிச் சொல்லுகினம்" என்றாள். உண்மைதான். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி ஒருத்தி, நான் பெரிய மலை உச்சியிலிருந்து விழுந்தேன் என்று சொல்லித் திரிகிறாளாம். மலையெல்லாம் இல்லை. லண்டனுக்கு வடக்கே ஒரு பெரிய கொட்டகை. அதற்குள்ளே பனி.

லண்டனுக்கு வர முதல் நான் சுவிசில் இருந்தேன். மலைக்கு மேலே ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் குசினியில் கோப்பை கழுவினேன். கழுவுகிற தொட்டிக்கு நேரே ஒரு சின்ன யன்னல். சுடுதண்ணி ஆவி படிந்து எப்போதும் பால் போல மங்கி இருக்கும். முழங்கையால் ஒரு வட்டம் துடைப்பேன். அந்த வட்டத்துக்குள் பனிச்சறுக்கு ஓடுகிற சனம் தெரியும். சிவப்பு, நீலம், மஞ்சள். சத்தம் கேட்காது. மேலிருந்து வருவார்கள். யன்னலைக் கடப்பார்கள். காற்றில் இறகு இறங்குவது போல கீழே போய்விடுவார்கள். ஆவி திரும்பவும் மூடிவிடும். நான் அடுத்த கோப்பையை எடுப்பேன்.

படுத்தால் கனவு வரும். கனவில் நானும் போவேன். காலில் சறுக்குக் கட்டை இருக்காது. சப்பாத்துக்கூட இருக்காது. ரப்பர் கையுறையும் ஈரமான ஏப்ரனும் மட்டும். ஆனால் நன்றாகப் போவேன். வளைந்து வளைந்து, சவர்க்கார நுரைக்கு மேலே போவது போல. அப்படி ஒரு வடிவான ஓட்டத்தை நான் பிறகு ஒருவரிடமும் பார்க்கவில்லை.

விழித்திருக்கும்போது ஒருநாளும் ஏறியதில்லை. ஏறினவர்கள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவினேன். அவ்வளவுதான்.

இப்போது ரெய்னர்ஸ் லேனில் வீடு. வேலை, சாப்பாட்டுச் சாமான் களஞ்சியம் ஒன்றின் குளிர் அறையில். அங்கே கதைத்தால் வாயிலிருந்து புகை வரும். (அதனால்தான் கதைப்பதில்லை என்று சொல்லலாம். பொய்.) வீட்டில் மனைவி ராணி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பாள். நான் "ம்" என்பேன். குடும்பம் நடத்த அது போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அபி வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"அப்பா, எனக்கு ஒருத்தரைப் பிடிச்சிருக்கு. கார்த்திக் எண்டு பேர். இந்தியா ஆக்கள். கோயம்புத்தூர். அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அம்மா டொக்டர். நீங்கள் ஓம் எண்டால்தான் கலியாணம் செய்வன்."

நான் "பாப்பம்" என்றேன்.

இந்தப் "பாப்பம்" எங்கள் ஆட்களிடம் உள்ள பெரிய ஆயுதம். ஓமும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. சொன்னவனுக்கு நோகாது. கேட்டவருக்குத்தான் நோகும். அபி வாரக்கணக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்பாள். நான் குடிப்பேன். வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போவாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை மெலிஞ்சு போனாள். ஓம் எண்டாவது சொல்லுங்கோ, இல்லை எண்டாவது சொல்லுங்கோவன்" என்றாள் ராணி.

"ம்."

"உந்த 'ம்'முக்கு ஒரு அகராதி போடவேணும்!"

பெடியனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தியா ஆட்கள் என்பதும் ஒரு பொருட்டில்லை. சொல் தொண்டை வரைக்கும் வரும். அங்கே நின்றுவிடும். எங்கள் குளிர் அறைக் கதவு உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். எனக்குள்ளே இருந்த கதவு திறக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. அதாவது, அந்தச் சனிக்கிழமை வரைக்கும் தெரியாது.

கடைசியில் ராணி கார்த்திக்கையும் தாயையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள்.

கார்த்திக்கின் அம்மா ஆஸ்பத்திரியில் தலையில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்க்கிற டொக்டர். நெடிய ஆள். சிரித்த முகம். உள்ளே வந்ததும் வராததுமாக எங்கள் மாடிப்படிக் கம்பளத்தின் ஒரு மூலை கிளம்பி நிற்பதைக் கண்டுவிட்டார்.

"இதுல தடுக்கி விழுந்தா நேரா எங்கிட்டதாங்க வரணும்" என்று அதைக் காலால் அழுத்தினார். பிறகு பையிலிருந்து முறுக்கு எடுத்து வைத்தார். வீட்டில் சுட்டதாம்.

எல்லோரும் இருந்தோம். ராணி கதைத்தாள். ராணி மூச்சு வாங்கியபோது அறையில் ஒரு சத்தமும் இல்லை. டொக்டர் அம்மா என்னைப் பார்த்தார். அபி என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். கார்த்திக் நல்ல பெடியன். அந்த அமைதியை நிரப்பப் பார்த்தான்.

"அங்கிள், நீங்க ஸ்விஸ்ல இருந்தீங்கன்னு அபி சொன்னா. ஸ்கீ பண்ணுவீங்களா?"

எனக்கு அந்த யன்னல் நினைவுக்கு வந்தது. அந்த வட்டம். அந்த நுரை.

"ம்" என்றேன்.

"நிஜமாவா! மலைலயே?"

"ம்."

"எவ்ளோ வருஷம் பண்ணீங்க?"

"கன வருசம்." (படுக்கையில்.)

பெடியனின் கண் விரிந்தது. அவனுக்கு ஸ்கீ என்றால் உயிராம். கொட்டகைக்குள் பனி போட்டிருக்கிற இடம் ஒன்று இருக்கிறது, ஒருநாள் சேர்ந்து போவோம் என்றான். டொக்டர் அம்மா பெருமூச்சு விட்டார்.

"எனக்கு அந்த விளையாட்டே ஆகாதுங்க. இவன் போயிட்டு வர்ற வரைக்கும் ஃபோனைக் கைல வெச்சுட்டே உக்காந்திருப்பேன். உங்கள மாதிரி அனுபவசாலி ஒருத்தர் கூட இருந்தா எனக்கும் நிம்மதி."

அனுபவசாலி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். கடைவாய்ப் பல் ஆடியது. ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு ராணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கள் எப்ப ஸ்கீ ஓடினனீங்கள்?"

"ஓடேல்லை."

"பிறகென்னத்துக்கு ஓம் எண்டனீங்கள்?"

"நான் 'ம்' எண்டுதான் சொன்னனான்."

"சொல்ல வேண்டிய இடத்திலை சொல்லாதேங்கோ. ஸ்கீக்குச் சொல்லுங்கோ!"

விசயம் ராணியின் தம்பி தேவன் காதுக்குப் போனது. தேவனுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் வீடியோக் கடை. கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள், செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவன்தான் கமராவோடு போவான். எங்கள் சனம் சோறு இல்லாமல்கூட ஒரு காரியம் செய்யும். வீடியோ இல்லாமல் செய்யாது. அதிலும் இப்போதெல்லாம் நேரடி ஒளிபரப்பு. இங்கே தாலி ஏற, கனடாவிலும் சுவிசிலும் யாழ்ப்பாணத்திலும் சனம் கட்டிலில் படுத்தபடி ஃபோனில் அரிசி போடும்.

"அத்தான், ரெண்டு குடும்பமும் முதல்முதல் ஒண்டா வெளியிலை போகுது. இதை எடுக்காமல் விடுறதோ? அதுவும் நீங்கள் பனியிலை ஓடுறது! உங்கடை தலையிலை கமராவைப் பூட்டுறன். நீங்கள் பாக்கிறதை உலகமே பாக்கும். குடும்பக் குழுவிலை இப்பவே அறிவிச்சிட்டன்."

"ம்."

அந்தச் சனிக்கிழமை சரியான வெயில். ரோட்டில் தார் மினுங்கியது. காரில் எல்லோரும் வேர்த்துக்கொண்டு போனோம். கதவைத் திறந்து கொட்டகைக்குள் போனால் பனி. மூக்கு உறைந்தது. எனக்குப் பழகின குளிர். எங்கள் குளிர் அறையை யாரோ சரிவாகத் தூக்கி வைத்து, வெள்ளை அடித்து, விளையாட விட்டது மாதிரி இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது. (குளிர் தெரிந்தால் பனிச்சறுக்கும் தெரியும் என்று ஒரு நினைப்பு. கடலைப் பார்த்தவன் நீந்தப் போன மாதிரி.)

தேவன் பையிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தான். புதுசு. அதன் உச்சியில் இரும்புத் தகடு ஒன்றைப் பூட்டியிருந்தான். கடைகளில் களவு பிடிக்கிற கமரா பூட்டுவார்களே, அந்தத் தகடு.

டொக்டர் அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னங்க தம்பி?"

"கமரா பூட்டுற தகடு, அன்ரி. துளை போட்டு நாலு ஸ்குறூ இறுக்கியிருக்கிறன். குத்துக்கரணம் அடிச்சாலும் கழராது."

"கழராதா?"

"கழரவே கழராது."

"அதுதாங்க பயம். கழரணும். இவரு விழுந்து உருளும்போது இந்தத் தகடு எங்கயாவது மாட்டுச்சுன்னு வெச்சுக்கங்க. தலை நின்னுடும். உடம்பு போயிட்டே இருக்கும். கழுத்து என்னத்துக்கு ஆகும்? இல்லைன்னா அடி மொத்தமும் இந்த ஒரு இடத்துல இறங்கும். அது போக நாலு ஓட்டை வேற போட்டிருக்கீங்க. ஓட்டை போட்டா அது ஹெல்மெட் இல்லீங்க, சல்லடை."

தேவன் முகம் கறுத்தது. "சனத்துக்குச் சொல்லிப்போட்டன், அன்ரி. கனடாவிலை வெள்ளெனவே எழும்பி இருக்கினம்."

டொக்டர் அம்மா யோசித்தார். பிறகு கொட்டகையில் வாடகைக்குக் கொடுக்கிற ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்து தானே என் தலையில் வைத்தார். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் வைத்து அளந்தார். தலையை ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். நாடிக்குக் கீழே பட்டியை இறுக்கினார்.

"வாயை அகலமாத் திறங்க."

நான் பார்த்தேன்.

"திறங்க சம்பந்தி. வாயைத் திறந்தா ஹெல்மெட் கீழ இழுக்கணும். அப்பதான் சரியா நிக்குதுன்னு அர்த்தம்."

சம்பந்தி என்றுவிட்டார். ராணி அபியைப் பார்த்தாள். அபி நிலத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். ஹெல்மெட் கீழே இழுத்தது.

கமராவை ஒட்டுப்பட்டியால் மட்டும் ஒட்டவிட்டார். தானே ஒருதரம் இழுத்துப் பார்த்தார். கையோடு வந்தது. "இப்ப சரி" என்று திரும்ப ஒட்டினார்.

"இதெல்லாம் போட்டா மண்டை உடையறது குறையும். ஆனா உள்ள மூளை குலுங்கறத முழுசா நிறுத்த முடியாதுங்க. தயிர்ப் பானையைச் சாக்குல சுத்தி வெச்சாலும் தயிர் ஆடத்தானே செய்யும்? அதனால மெதுவாப் போங்க. உங்களுக்குத் தெரியாததா!"

"ம்."

தேவன் ஒரு ஃபோனை என் சட்டைப்பைக்குள் போட்டான். அதன் வழியாகத்தான் படம் வெளியே போகுமாம். சத்தமும் போகும் என்று அவன் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. (கேட்பதென்றால் வாய் திறக்க வேண்டும்.)

பெண்களும் தேவனும் மேல்மாடித் தேத்தண்ணிக் கடைக்குப் போனார்கள். அங்கே நீளமாக ஒரு கண்ணாடி யன்னல். அதற்குப் பின்னால் இருந்து பனியைப் பார்க்கலாம்.

பனிக்குப் போகிற வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை, திரும்பத் தெரியுமா, நிற்கத் தெரியுமா என்று இங்கிலீசில் கேட்டது. தலையை ஆட்டினேன். உலகத்தில் எந்த மொழிக்கும் அது போதும்.

மேலே ஏற ஒரு கயிறு. அதில் தொங்குகிற தடியின் நுனியில் ஒரு தட்டு. அதைத் தொடைக்கு இடையில் வைத்தால் இழுத்துக்கொண்டு போகும். "அதுல உக்காரக் கூடாது அங்கிள், சும்மா நிக்கணும்" என்றான் கார்த்திக். குந்தினேன். விழுந்தேன். அடுத்த தடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பசு கன்றை முகர்ந்தபடி போவது மாதிரி, அதில் மூக்கை வைத்தபடி மேலே போனேன்.

"ரொம்ப நாளாச்சுல்ல அங்கிள், டச் விட்டுப் போயிருக்கும்" என்றான். நல்ல பெடியன் என்று சொன்னேன்தானே.

உச்சியில் நின்றேன்.

அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூரை விளக்குகள் மங்கலாக எரிந்தன. பனிக்கு மேலே மெல்லிய புகை. கீழே வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஆட்கள் சிவப்பும் நீலமுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெட்டுக்குள் காது மூடியிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கீழே தூரத்தில் அந்த யன்னல். அதற்குள் மஞ்சளாக ஒரு பொட்டு. அபியின் மஞ்சள் கமிஸ்.

அப்போது நினைத்தேன். இவ்வளவு காலம் கழித்து நான் யன்னலுக்கு வெளிப்பக்கம் வந்துவிட்டேன்.

"அங்கிள், நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வந்து உங்க ஸ்டைலப் பாத்துக் கத்துக்கறேன்."

தம்பி, எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. நின்றது. நான் நிற்கவில்லை. கால்கட்டைகள் தாமாகவே கீழ்ப்பக்கம் திரும்பின.

முதல் இரண்டு மூச்சுக்குக் கனவுதான். சத்தியமாக. நுரை. இறகு. உடம்பில் பாரமே இல்லை. எனக்கு இது தெரியும், எனக்கு எப்போதோ தெரியும் என்று பட்டது.

மூன்றாவது மூச்சில் காற்று முகத்தில் அறைந்தது.

இனி வருவது வீடியோவில் இருப்பது. நான் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. குரல் என்னுடையதுதான்.

"முருகா. நில். நில்லு. முருகா, உனக்கு மொட்டை போடுறன். (தலையில் முடி இல்லை. அது அவருக்கும் தெரியும்.) சரி, மீசையை எடுக்கிறன்! ஐயோ, மரம்! (விளக்குக் கம்பம்.) ராணி! ராணி, எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பு பிடிக்காது! கலியாணம் கட்டின நாள் தொடக்கம் பிடிக்காது! சொல்லாமல் சாகக் கூடாது, ராணி! டொக்டரம்மா நல்லவ. தங்கமான மனுசி. அவவின்ரை முறுக்கு மட்டும் கல்லு. தேவன், உன்ரை தகடு இருந்திருந்தால் நான் இண்டைக்குச் செத்தன்..."

பக்கத்தில் கார்த்திக் பறந்து வந்தான். "அங்கிள், பீட்சா! பீட்சா!"

கால்கட்டைகளின் முன்முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையுமாம். சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பழக்குவார்களாம். எனக்கு எங்கே தெரியும்?

"பிறகு சாப்பிடுவம், தம்பி!"

இதுவும் வீடியோவில் தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் மாறுகிறது.

"விடாமல் வாறான் பார். விட்டிட்டுப் போகேல்லை. இவனிட்டைக் குடுக்காமல் என்ரை பிள்ளையை வேறை ஆரிட்டைக் குடுக்கிறது?"

கீழே வலை கட்டியிருந்தார்கள். வலைக்குப் போக முதல் விழுந்தேன். ஒரு கால்கட்டை வடக்கே போனது. ஒன்று என்னோடு வந்தது. இரண்டுதரம் உருண்டேன். பின்தலை பனியில் அடித்தது. தேங்காய் உடைத்தது போல டக்கென்று ஒரு சத்தம். உடைந்தது தலை இல்லை. கமரா கழன்ற சத்தம். அது கழன்று, வழுக்கிக்கொண்டு போய், பனியில் குத்தென நின்று, என்னையே பார்த்தது.

நான் மல்லாக்கக் கிடந்தேன். கூரையிலிருந்து துகள் துகளாக ஏதோ இறங்கியது. மெதுவாக. ஒவ்வொன்றும் விளக்கு வெளிச்சத்தில் ஒருதரம் மினுங்கிவிட்டு வந்தது. நோவு ஒன்றும் இல்லை. ஒருவரும் பக்கத்தில் இல்லை என்று நினைத்தேன். கோப்பைகள் எல்லாம் கழுவி முடிந்தது போல ஒரு நிம்மதி. அப்போது கதவு திறந்தது. தொண்டைக் கதவு.

"நான் ஓம் எண்டால் அவள் போயிடுவாள்" என்று கூரைக்குச் சொன்னேன். "அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டு நிக்கிறது எனக்குப் பிடிக்கும். நிக்கட்டும் எண்டுதான் சொல்லாமல் இருந்தன். வேறை ஒண்டும் இல்லை. ஓம், அபி. ஓம் பிள்ளை. ஓம்."

மேல்மாடியில் தேவன் சத்தத்தை முழுதாகத் திறந்து வைத்திருந்தானாம். கத்தரிக்காய் வந்தபோது ராணி எழும்பி நின்றாளாம். முறுக்கு வந்தபோது டொக்டர் அம்மா குனிந்துகொண்டாராம். சிரித்தாரா என்று இன்று வரை சொல்லவில்லை. கடைசிப் பகுதி வந்தபோது அபி யன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாளாம். ஆவி படிந்து கண்ணாடி மங்கிவிட்டதாம். கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாளாம்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். கொட்டகையின் முதலுதவிக்காரர்களும் வந்தார்கள். டொக்டர் அம்மா சப்பாத்தோடு பனியில் மண்டியிட்டு இருந்தார்.

"அசையாதீங்க. தலையத் தூக்காதீங்க. உங்க பேரு என்ன? இது எந்த இடம்? இன்னிக்கு என்ன கிழமை?"

சொன்னேன். பேரைச் சொன்னேன். அப்பா பேரைச் சொன்னேன். சனிக்கிழமை என்றேன். சனிக்கிழமை வேலை இல்லாததையும், ஞாயிறு ஷிப்ட் எத்தனை மணிக்கு என்பதையும், மேலாளர் ஏன் சரியில்லை என்பதையும் சொன்னேன். கூரைத் துகள் வடிவாக இருக்கிறது, நீங்களும் படுத்துப் பாருங்கோ என்றேன். நிற்கவே இல்லை. திறந்த கதவை எப்படிச் சாத்துவது என்று தெரியவில்லை.

ராணி தலையில் கை வைத்தாள். "ஐயோ டொக்டர், இவருக்கு மூளையிலை ஏதோ நடந்திட்டுது!"

"ஏங்க?"

"கதைக்கிறார்!"

"வழக்கமா எப்படிப் பேசுவாரு?"

"பேசமாட்டார். 'ம்' எண்டுவார்."

"ம் மட்டுமா?"

"சில நாளைக்கு அதுவும் இல்லை."

டொக்டர் அம்மாவின் முகம் மாறியது. "அப்ப ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். தலைல அடிபட்டு, குணம் திடீர்னு மாறினா நாங்க சும்மா விடமாட்டோம்."

இப்படித்தான், வாழ்க்கையில் ஒருநாள் மனம்விட்டுக் கதைத்ததற்காக என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் பார்த்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு நாளைக்கு ஓய்வாக இருக்கட்டும், தனியே விடாதீர்கள் என்றார்கள். ஹெல்மெட் இல்லாமல் விழுந்திருந்தால் கதை வேறு என்று டொக்டர் அம்மா சொன்னார். தகடு இருந்திருந்தாலும் வேறு என்று தேவனைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் அபி மெல்லக் கேட்டாள். "அன்ரி, அப்பா ஓம் எண்டு சொன்னவர்தானே?"

"சொன்னாரும்மா. ஆனா தலைல அடிபட்டதுக்கு அப்புறம் சொன்னத நான் எடுத்துக்க மாட்டேன். என் பையன் கல்யாணம் அப்படி நடக்க வேணாம். நாளைக்கு வர்றேன். தெளிவா இருக்கும்போது ஒருதடவை சொல்லட்டும்."

அபி ஒன்றும் சொல்லவில்லை. என் மகள்தானே.

மறுநாள் எல்லோரும் எங்கள் முன்னறையில் இருந்தார்கள். தேவன் கமராவோடு மூலையில் நின்றான். டொக்டர் அம்மா கிழமை கேட்டார். சொன்னேன். கண்ணைப் பார்த்தார். விரலைப் பின்தொடரச் சொன்னார்.

"தெளிவா இருக்கீங்க. சொல்லுங்க சம்பந்தி."

எனக்கு நன்றாகத் தெளிந்திருந்தது. அதுதான் பிழை. நேற்றுக் கூரைக்குச் சொன்னதை இன்று ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். சொல் வந்தது. தொண்டையில் நின்றது. கார்த்திக் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தான். ராணி வாயசைத்துக் காட்டினாள், பள்ளிக்கூட நாடகத்தில் சொல்லிக்கொடுப்பது போல.

"பாப்..." என்று தொடங்கிவிட்டேன்.

அபி எழும்பி வெளியே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரி திறந்து மூடிய சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள். கையில், நேற்று எங்கள் காரில் விட்டுப்போன தேவனின் ஹெல்மெட். தகட்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள். உச்சியில் நாலு துளை.

அதை என் தலையில் வைத்தாள். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் வைத்தாள். பட்டியைப் பூட்டினாள். எனக்கு முன்னால் குந்தியிருந்து முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, வாயைத் திறவுங்கோ."

திறந்தேன். ஹெல்மெட் கீழே இழுத்தது.

"ஓம்" என்றேன்.

வந்துவிட்டது. ஒன்று வந்தால் பின்னாலே எல்லாம் வரும். "தம்பி, எனக்கு ஸ்கீ தெரியாது. நான் கோப்பை கழுவினனான்" என்றேன்.

"முதல் ரெண்டு செகண்ட்லயே தெரிஞ்சுது அங்கிள்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. நானும் சொல்லல." அபி அவனுக்கு ஒரு அடி போட்டாள்.

டொக்டர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தெளிவா இருக்கீங்க. முறுக்கைப் பத்தியும் இப்பவே சொல்லிடுங்க" என்றார்.

"கல்லு" என்றேன்.

ராணி கத்தரிக்காயைப் பற்றிக் கேட்கவில்லை. அதைக் கேட்கிற முகம் அதுவல்ல. இப்போதும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் குழம்புதான். தட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டையும் கொண்டுவந்து வைப்பாள். "ஏதாவது சொல்ல இருக்கோ?" என்பாள். நான் பேசாமல் சாப்பிடுவேன்.

தேவன் மட்டும், "பாத்தீங்களோ, என்ரை ஹெல்மெட்டும் ஒண்டுக்கு உதவினது" என்று சந்தோசப்பட்டான். "பேசறதுக்குப் போடுங்க, பனிக்குப் போடாதீங்க" என்று டொக்டர் அம்மா தீர்ப்புச் சொன்னார். கலியாண மண்டபத்தில் பெண்ணின் தகப்பன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றபோது, வேட்டி சால்வையோடு அந்த ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டுதான் பேசினேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது. மீசை இல்லாமல் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. முருகனுக்குக் கடன் வைக்கக் கூடாது.

எங்கள் குடும்பக் குழுவில் இப்போது அது ஒரு பழமொழி. யாராவது கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால், கனடாவில் இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், "ஹெல்மெட்டைப் போடு" என்பார்கள்.

அபி இப்போது லண்டனின் மறுபக்கம், நோர்பரியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஃபோன் எடுப்பாள்.

"எப்பிடி இருக்கிறியள், அப்பா?"

"ம்."

"ஹெல்மெட் எங்கை?"

அது வாசலில், கோட்டுக் கொழுக்கியில் தொங்கும். எடுத்துப் போடுவேன். பட்டியைப் பூட்டுவேன். நாலு துளையாலும் குளிர் உச்சந்தலையில் இறங்கும். பனித் துகள் விழுவது போல. கொஞ்ச நேரம் அப்படியே நிற்பேன். பிறகு வாயைத் திறப்பேன்.

"தேத்தண்ணி குடிச்சிட்டியோ, பிள்ளை?"